பத்திரிகை இல்லாத தாய்மாமன்

ஆதிமூலத்தை மலேசியாவிலிருந்து திருப்பி அனுப்பிய கதை எங்கள் ஊரில் பல விதமாக உலவுகிறது. கள்ள பாஸ்போர்ட் என்கிறார் ஒருவர். பெட்டியில் ஏதோ பொடி பிடிபட்டது என்கிறார் இன்னொருவர். இரண்டும் தவறு. நடந்ததை நடந்தபடி ஒரு முறை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். திருவண்ணாமலையில் நடந்தவற்றில் பெரும்பகுதி என் கண் முன்னால் நடந்தது. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் நடந்தது அவர் சொல்லக் கேட்டது. அவருடைய தங்கை மகனிடம் தொலைபேசியில் கேட்டுச் சரிபார்த்தும் கொண்டேன்.

ஆதிமூலம் கல்யாணச் சமையல்காரர். போளூர் சாலையில் நான் மேலாளராக இருந்த மண்டபத்தில் அவர் கை படாத முகூர்த்த மாதம் கிடையாது. சொந்த ஊர் கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா இறந்ததும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை போட்டிருந்த கொஞ்சம் கொல்லையைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அம்மாவையும் தங்கை உண்ணாமலையையும் அழைத்துக்கொண்டு டவுனுக்கு வந்தார். செங்கம் சாலையில் ஒரு மெஸ்ஸில் காய் நறுக்கும் வேலை. வெள்ளைக்காரர்கள் வந்து சாப்பிடும் இடம் என்பதால் காரம் போடாமல் சமைப்பதை அங்கேதான் கற்றுக்கொண்டார். அதைக் கற்றுக்கொண்ட பிறகு அங்கே இருக்கப் பிடிக்காமல் கல்யாண வேலைக்கு வந்துவிட்டார். உயரமான ஆள். குரல் அதைவிட உயரம். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்துகிற வழக்கம் அவரிடம் இருந்ததில்லை.

உண்ணாமலைக்கு 1998இல் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை கிள்ளானில் லாரி கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர். அவருடைய தாத்தா காலத்தில் இந்தப் பக்கத்திலிருந்து ரப்பர் தோட்டத்துக்குப் போன குடும்பம். உண்ணாமலை இரண்டு மூன்று முறை ஊருக்கு வந்து போனாள். ஆதிமூலம் அங்கே போனதே இல்லை. 2021இல் கொரோனாவில் மாப்பிள்ளை இறந்துவிட்டார். கணவனை இழந்த தங்கைக்குப் பிறந்த வீட்டுக் கோடிப்புடவையை அண்ணன்தான் போட வேண்டும். அப்போது அந்த நாட்டின் எல்லை மூடியிருந்தது. அங்கே பக்கத்து வீட்டில் இருந்த யாரோ ஒரு பெரியவர், அண்ணன் முறைக்கு நின்று கோடி போட்டாராம். ஆதிமூலம் இதைப் பற்றி அதிகம் பேசுகிறவர் இல்லை. ஒரே ஒரு முறை மண்டபத்தின் பின்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்.

"அது ஒண்ணு போச்சு சார். பொண்ணு கல்யாணத்துக்கு நான் போய் நின்னே ஆவணும். அதையும் எவனாவது செஞ்சான்னா அப்புறம் நான் எதுக்கு அண்ணன்?"

அந்தக் கல்யாணம் 2025 வைகாசிக்கு நிச்சயமானது. பெண் பெயர் ஆர்த்தி. எங்கள் பக்கத்து வழக்கத்தில் மணப்பெண்ணுக்குத் தாய்மாமன் மாலை போட்டு, நெற்றியில் பட்டம் கட்டி, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டும். உண்ணாமலைக்கு ஒரே அண்ணன். வேறு ஆள் கிடையாது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரியாசுதீன் ஒரு கடை வைத்திருக்கிறார். பாஸ்போர்ட் விண்ணப்பம், விமான டிக்கெட், ஜெராக்ஸ், போட்டோ எல்லாம் அங்கே ஆகும். அவர்தான் ஆதிமூலத்துக்கு முன்பே பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தவர். டிக்கெட் போடப் போன அன்று நானும் ஒரு வேலையாக அங்கே இருந்தேன்.

"விசா வேணாம்ணே" என்றார் ரியாசுதீன். "இப்ப நம்ம ஆளுங்களுக்கு அந்த ஊர்ல விசா இல்லாமயே ஒரு மாசம் வரைக்கும் உள்ள விடறாங்க. ஆனா..."

"வேணாம் இல்ல? அப்ப டிக்கெட்ட போடு."

"ரிட்டனும் சேத்துப் போட்டுடறேன். என்னைக்கு வருவீங்க?"

"கல்யாண ஊட்டுக்குப் போறேன்டா ரியாசு. போவறதுக்கு முன்னாடியே கெளம்பற நாள சொன்னா தங்கச்சி என்னா நெனப்பா? அவ அனுப்பறப்ப வரேன்."

"அங்க கேப்பாங்கண்ணே. பத்திரிகையாவது ஒண்ணு கையில வச்சிக்கோங்க."

"எனக்கு யாருடா பத்திரிகை வைப்பா? பத்திரிகையில கூப்புடறதே நாந்தான்."

அவர் சொன்னது சரி. எங்கள் கல்யாணப் பத்திரிகைகளில் பெற்றோருக்கு அடுத்தபடி, வருகிறவர்களை வரவேற்கிற வரிசையில் தாய்மாமன் பெயர் அச்சாகும். அவருக்கே ஒருவர் பத்திரிகை வைத்தால், நீ வெளியாள் என்று சொல்வதாக அர்த்தம். அதனால் உண்ணாமலைக்கு அனுப்பத் தோன்றவில்லை, இவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இதோடு அவர் இன்னொன்றும் முடிவு செய்திருந்தார். கல்யாணச் சமையல் தன்னுடையது. தங்கை மகள் கல்யாணத்தில் வேறொருவன் கரண்டி பிடிப்பதா என்பது அவர் கேள்வி. முன்கூட்டியே போய்ச் சாமான் வாங்கி, அடுப்பு பார்த்து, ஆள் பிடிக்க வேண்டும் என்று சித்திரைக் கடைசியிலேயே கிளம்பினார். பெட்டியில் வேட்டி சட்டையோடு நீளக் கைப்பிடி போட்ட நான்கு கரண்டிகளும், ஜல்லிக்கரண்டியும், துணியில் கட்டிய வெங்காய வடகமும் போயின. சென்னை விமான நிலையத்தில் திரும்பி வரும் டிக்கெட் எங்கே என்று விமானக் கம்பெனிக்காரர்கள் கேட்டார்கள். தங்கை மகன் அங்கே எடுத்துக்கொள்வான் என்றார். ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

கோலாலம்பூரில் முதல் கவுண்டரில் இருந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியவில்லை. இவரை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, தமிழ் பேசும் ஒரு பெண் அதிகாரியை வரவழைத்தார்கள். இளவயது, தலையை இழுத்து வாரிக் கொண்டை போட்டிருந்தாள் என்றார் ஆதிமூலம்.

"அங்கிள், என்ன வேலையா வந்தீங்க?"

"கல்யாண வேலையா வந்தேம்மா."

"கல்யாணத்துல என்ன வேலை?"

"சமையல். அங்க வந்து நான் சமைக்கறேன்னு முன்னாடியே சொல்லிட்டேன். ஆயிரம் எல உழுந்தாலும் நாந்தான் நின்னு பாப்பேன். வேற ஆளு வச்சா எனக்குச் சரிப்படாது."

பெட்டியைத் திறந்தார்கள். கரண்டிகள் மேலாகவே இருந்தன.

"இதெல்லாம் உங்களுதா?"

"வேற யாருது? அடுத்தவன் கரண்டில நான் கிண்டறதில்ல."

"சம்பளம் எவ்வளவு பேசியிருக்காங்க?"

"தங்கச்சி ஊட்டுல சம்பளம் வாங்குவாங்களா? நல்லா கேட்ட போ."

"தங்கச்சின்னு காட்ட ஏதாவது இருக்கா? இன்விடேஷன்? லெட்டர்?"

"தாய்மாமனுக்கு ஏதும்மா இன்விடேஷன்? நீயும் தமிழ்ப் பொண்ணுதானே?"

"எப்ப திரும்பிப் போவீங்க?"

"அவ அனுப்பறப்ப."

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தினாளாம். பிறகு மேலதிகாரியிடம் போய்ப் பேசிவிட்டு வந்து, உள்ளே விட முடியாது என்று சொன்னாள். இதில் நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். உறவுக்கு அத்தாட்சி இல்லை, திரும்பும் நாள் இல்லை, கையில் தொழில் சாமான் இருக்கிறது, சமைக்க வந்தேன் என்று ஆளே வாயால் சொல்கிறார். சுற்றிப் பார்க்க வருகிறேன் என்று வந்து ஓட்டல்களில் தங்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கும் ஊரில், அந்த நாற்காலியில் யார் இருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பார்கள். ஆதிமூலம் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. எல்லாமே அவருக்கு எதிராகப் போய் நின்றது.

"உங்களுக்குத் தடை எதுவும் போடல அங்கிள்" என்றாள் அந்தப் பெண். "சரியான பேப்பரோட வாங்க. வேலை செய்யன்னு மட்டும் வராதீங்க."

வெளியே உண்ணாமலையும் அவள் மகன் சரவணகுமாரும் காரோடு காத்திருந்தார்கள். அவர்கள் கண்ணில் படாமலே அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்பப்பட்டார்.

கிளாம்பாக்கத்தில் பஸ் பிடித்துச் செஞ்சி வழியாக வந்து இறங்கினார். பஸ் ஸ்டாண்டு வாசலில் மணியின் டீக்கடை. அந்த நேரத்தில் தினமும் நான் அங்கே இருப்பேன். பெட்டியோடு இவரைப் பார்த்ததும் மணி கிளாஸைக் கழுவுவதை நிறுத்தினார்.

"என்னா மாஸ்டர், மலேசியா செங்கம் தாண்டித்தான் இருக்குதா? போன சூட்டோட வந்துட்டீங்க."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "கரண்டிய மறந்துட்டாரு, எடுக்க வந்திருப்பாரு" என்றார் ஒருவர்.

ஆதிமூலம் டீயை வாங்கி முழுவதும் குடித்தார். கிளாஸைத் திருப்பி வைத்துவிட்டு, "போன எடத்துல பேசத் தெரியல. கத்துக்கினு மறுபடி போறேன்" என்றார். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலமே என்னைத் தேடி வந்தார். ரியாசுதீனையும் கையோடு அழைத்து வந்திருந்தார். "சார், நீங்க காயிதம் பாத்துப் பழகினவரு. என்னா என்னா வேணும்னு ஒக்காந்து எடுத்துக் குடுங்க. கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்குது. இந்தத் தடவ நான் திரும்பி வரக்கூடாது."

"திரும்பி வரணும்ணே" என்றார் ரியாசுதீன். "அதத்தான அவங்க கேக்கறாங்க."

முதலில் உறவு. அண்ணன் தங்கை என்று காட்டும் காகிதம் யாரிடமும் இருப்பதில்லை. தேவைப்படுவதே இல்லை. கொஞ்சம் யோசித்ததில், அவர் அப்பா இறந்தபோது கொல்லையின் பட்டாவை மாற்ற தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்று வாங்கியது ஞாபகம் வந்தது. அதில் அம்மா, மகன், மகள் மூவர் பெயரும் இருந்தன. அங்கிருந்து நகல் வரவழைத்த உண்ணாமலையின் பழைய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அதே அப்பா பெயர் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் யாருக்கும் விளங்கும். சான்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, கோர்ட்டுக்கு எதிரில் ஒரு வக்கீலிடம் முத்திரை வாங்கினோம்.

ஊரில் இவருக்கு வேலை இருக்கிறது, திரும்பி வந்தே ஆக வேண்டும் என்று காட்ட, ஆனி மாத முகூர்த்தங்களுக்கு இவரை அமர்த்தியிருந்த வீட்டாரிடம் நான் போனேன். இன்ன தேதியில் இன்ன இடத்தில் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு இவர் சமைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று இரண்டு பேர் எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாமவர், "கல்யாணத்துக்கு முன்னாடி எதிலயும் கையெழுத்துப் போடக் கூடாது சார்" என்று மறுத்துவிட்டார். அவரை வற்புறுத்தவில்லை.

பத்திரிகை விஷயம்தான் கடினமாக இருந்தது. ரியாசுதீனின் கடையில் வைத்தே ஆதிமூலம் தங்கைக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் பேசியதால் எல்லோருக்கும் கேட்டது.

"பத்திரிகை ஒண்ணு அனுப்பு உண்ணாமல. கூடவே, என் அண்ணன நான் கல்யாணத்துக்கு அழைக்கிறேன், என் ஊட்லதான் தங்குவாருன்னு ஒரு லெட்டரும் எழுது."

அந்தப் பக்கத்திலிருந்து அழுகிற குரல் வந்தது.

"உனக்கு நான் பத்திரிகை வைக்கணுமாண்ணா? நீ வேத்தாளா? அவரு போனப்பவும் யாரோ வந்து நின்னாங்க. இப்ப உனக்கே லெட்டர் போட்டு வான்னு கூப்புடறதா? நான் எழுத மாட்டேன்."

ரியாசுதீன் தலையைக் குனிந்துகொண்டு பிரிண்டரில் தாள் சரிசெய்தார்.

"நல்லா கேளு" என்றார் ஆதிமூலம். "மஞ்ச தடவாம அனுப்பு. மஞ்ச வச்சாத்தான் அது பத்திரிகை. மஞ்ச இல்லாதது ஆபீசுக்கு அனுப்பற காயிதம். அத நீ எனக்கு வைக்கல. அந்த கவுண்டர்ல ஒக்காந்திருக்காளே, அந்தப் பொண்ணுக்கு வைக்கற. புரியுதா?"

"எல்லாத்துக்கும் மஞ்ச வச்சுட்டேனேண்ணா" என்றாள் உண்ணாமலை.

"அச்சாபீசுல மிச்சம் இருக்கும். போய் வாங்கி போட்டோ புடிச்சு அனுப்பு. இன்னொண்ணு. என்னிய என்னைக்கு அனுப்பி வைப்ப?"

"என்னாண்ணா இது, இன்னும் வரவேயில்ல."

"நானா சொன்னா அது மரியாதை இல்ல. நீயே சொல்லிட்டின்னா தப்பில்ல. சொல்லு, டிக்கெட் போடணும்."

"மறுவீடு முடிஞ்சு, மாப்பிள்ளை பொண்ணு எங்க ஊட்டுக்கு வந்து ஒரு நாள் தங்கின பொறவு" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். அந்தத் தேதிக்கே ரியாசுதீன் திரும்பும் டிக்கெட்டைப் போட்டார்.

போனை வைப்பதற்கு முன்னால், "சமையலுக்கு வேற ஆளு பாத்துக்கோ. நான் அடுப்பாண்ட வரமாட்டேன்" என்றும் சொல்லிவிட்டார். அதைச் சொல்வதற்கு மட்டும் கடை வாசலுக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

அவர் மனைவி வெள்ளையம்மாளுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. அதைப் பற்றிய கவலையும் அவளுக்கு இல்லை. கணவன் வாயைப் பற்றித்தான் கவலை. அதற்காகவே ஒரு நாள் ரியாசுதீனை வீட்டுக்கு வரவழைத்து, மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்து அதிகாரியாக்கினாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"எதுக்கு வந்தீங்க?" என்றார் ரியாசுதீன், குரலை மாற்றி.

"தங்கச்சி பொண்ணு கல்யாணம். பேரு ஆர்த்தி. பையன் பினாங்கு. நல்ல எடம், ஆனா சாப்பாட்டு விஷயத்துல அவங்க கொஞ்சம்..."

"நிறுத்துங்கண்ணே. தங்கச்சி பொண்ணு கல்யாணம். அதோட வாய மூடணும்."

"மூடிட்டா மரியாதையா இருக்குமா?"

"உள்ள போறது வேணுமா, மரியாதை வேணுமா?"

"எத்தன வருஷமா நான் சொல்லிக்கினு இருக்கறேன்" என்றாள் வெள்ளையம்மாள் அடுப்படியிலிருந்து. "நான் சொன்னப்ப சீல் குத்தல, அதான் கேக்கல."

"எங்க தங்குவீங்க?" என்று ரியாசுதீன் தொடர்ந்தார்.

"தங்கச்சி ஊட்ல. கிள்ளான்."

"நல்லா இருக்குது. என்ன தொழில் பண்றீங்க?"

"சமையல்."

"அண்ணே, அங்கதான் வேணாம்னு சொல்றேன். 'பிசினஸ்'னு ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சுது. பாஸ்போர்ட்டுல தொழில் போட்டிருக்காது. யாருக்குத் தெரியும்?"

ஆதிமூலம் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டார். "ரியாசு, நீ சொன்னது எல்லாத்துக்கும் தலையாட்டினேன். ரிட்டன் டிக்கெட்டுன்ன, போட்டேன். பத்திரிகைன்ன, தங்கச்சிய அழ வச்சு வாங்கினேன். கரண்டி வேணாம்ன, வச்சிட்டேன். என் தொழில மாத்திச் சொல்ல மாட்டேன். அதச் சொல்லித்தான் தங்கச்சி கல்யாணத்தப் பண்ணேன்."

"திருப்பி அனுப்பிட்டா?"

"மூணாந்தடவ போவேன்."

அவர் பதிலைக் கேட்டு ரியாசுதீன் என்னைப் பார்த்தார். எனக்கும் ஆதிமூலம் சொன்னதே சரியாகப் பட்டது. போன முறை சமையல்காரன் என்று அந்த நாட்டுக் கணினியில் ஏறியிருக்கும். இந்த முறை வேறு சொன்னால்தான் சந்தேகம் வரும். இதைச் சொன்னதும் ரியாசுதீன் விட்டுக்கொடுத்தார். மறுபடி ஒத்திகை நடந்தது. கேள்விக்கு ஒரு வரிக்கு மேல் போனால் வெள்ளையம்மாள் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டினாள். நிறையத் தட்ட வேண்டியிருந்தது.

விமானம் ஏறுவதற்கு முன் மூன்று நாளைக்குள் போனில் நிரப்ப வேண்டிய வருகை அட்டையை ரியாசுதீன் நிரப்பி, அதையும் தாளில் எடுத்துக் கொடுத்தார். வங்கிக் கணக்கு விவரம், தங்கையின் கடிதம், மஞ்சள் இல்லாத பத்திரிகையின் வண்ணப் பிரதி, திரும்பும் டிக்கெட் எல்லாம் ஒரு ஃபைலில் வரிசையாக. பட்டம் மட்டும் சட்டைப்பையில், சின்ன டப்பாவில்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் மறுபடி கோலாலம்பூரில் இறங்கினார். கவுண்டரில் பாஸ்போர்ட்டைத் தேய்த்ததும் பழைய விவரம் திரையில் வந்துவிட்டது. அதே ஓரத்து அறைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே இவருக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவராக அழைத்தார்கள். சிலர் வலப்பக்கக் கதவு வழியாகப் போனார்கள், சிலர் வந்த வழியே திரும்பினார்கள். திரும்பியவர்களில் ஒரு பையன் பட்டுக்கோட்டைப் பக்கமாம், அழுதுகொண்டே போனான் என்று ஆதிமூலம் சொன்னார். இவருடைய முறை வர வெகுநேரம் ஆனது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். ஃபைலைத் திறக்கவில்லை.

உள்ளே இருந்தவள் அதே பெண்.

"நீங்களா அங்கிள்? மறுபடியும் சமைக்கவா?"

"இல்ல. தங்கச்சி பொண்ணு கல்யாணம்."

"அப்போ சமையல்?"

"வேற ஆளு."

ஃபைலை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வாரிசுச் சான்றையும் பழைய பாஸ்போர்ட் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள். பத்திரிகையில் பெற்றோர் பெயருக்குக் கீழே விரலை வைத்து, "தாய்மாமன் கீழ்பென்னாத்தூர் ஆதிமூலம். இது நீங்கதானே?" என்றாள்.

"நாந்தான்."

"போன தடவை இதைக் காட்டியிருந்தா அன்னைக்கே விட்டிருப்போமே. ஏன் கொண்டு வரல?"

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல அவரால் முடியவில்லையாம். சொன்னால் விளக்க வேண்டும். விளக்கினால் நீளும். "தெரியல" என்றார்.

"தொழில் என்ன இப்போ?"

"சமையல்தான்."

அவள் பேனாவை வைத்துவிட்டாள். "கல்யாணத்துல கிச்சன்ல ஆள் பத்தலன்னு உங்களைக் கூப்பிடுவாங்க அங்கிள். எங்க வீட்டுக் கல்யாணத்துலயும் அப்படித்தான் நடக்கும். கூப்பிட்டா?"

"போவ மாட்டேன்."

"தங்கச்சியே கூப்பிட்டா?"

"பட்டம் கட்டறதுக்கு வந்திருக்கேன். போவ மாட்டேன்."

வலப்பக்கக் கதவைக் காட்டினாள்.

கல்யாணம் கிள்ளானில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அந்த அதிகாரிக்கு எப்படித் தெரிந்ததோ, அவள் சொன்னபடியே ஆனது. சமையலுக்கு அமர்த்தியிருந்த பெரிய மாஸ்டருக்குக் காய்ச்சல். அவர் அனுப்பிய இரண்டு பையன்கள் பருப்பை வேக வைக்கத் தெரியாமல் திணறினார்கள். முகூர்த்தத்துக்குக் கொஞ்ச நேரம் முன்பு சரவணகுமார் வேர்த்துப்போய் ஓடி வந்தான்.

"மாமா, கொஞ்சம் உள்ள வாங்க. பருப்பு கல்லா கிடக்கு. கூட்டம் வந்துடுச்சு."

"வரமாட்டேன்டா."

"கை வைக்க வேணாம். நின்னு சொல்லுங்க போதும்."

"சொல்ல ஆரம்பிச்சா கையும் போவும். என்னப் பத்தி எனக்குத் தெரியாதா? வேற எங்கயாவது ஓட்டல்ல சொல்லி சாம்பார் எடுத்து வரச் சொல்லு."

"யாரு மாமா பார்க்கப் போறா?"

அவர் எழுந்திருக்கவில்லை. உண்ணாமலையே வந்தாள். அப்பா இல்லாத கல்யாணப் பெண்ணின் தாய். "அண்ணா, சாப்பாடு சரியில்லன்னா மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்கண்ணா" என்று காதோரம் சொன்னாள். சமையற்கட்டிலிருந்து ஏதோ அடிப்பிடிக்கிற வாசனை வந்துகொண்டிருந்தது. எதில், எந்த இடத்தில், எதனால் பிடிக்கிறது என்பதுகூட அவருக்கு அங்கிருந்தே தெரிந்தது.

"சொல்லிக் காட்டட்டும்" என்றார். "ஏர்போர்ட்ல கேட்டாங்க, தங்கச்சியே கூப்புட்டாலும் போவியான்னு கேட்டாங்க. போவ மாட்டேன்னு சொல்லிட்டுத்தான் உள்ள வந்தேன். நான் இங்க எழுந்திரிச்சுப் போனா, அன்னைக்கு அவங்க என்னியத் திருப்பி அனுப்பினதுதான் சரின்னு ஆயிடும். பொண்ண வரச் சொல்லு. நேரம் ஆவுது."

உண்ணாமலை கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் ஆர்த்தியை அழைத்து வந்தாள். ஆதிமூலம் மாலை போட்டார். டப்பாவிலிருந்து பட்டத்தை எடுத்து நெற்றியில் கட்டினார். முடிச்சு இறுகவில்லை என்று அவிழ்த்து இன்னொரு முறை கட்டினார். அவசரப்படுத்திய புரோகிதரை, "இருங்க சாமி" என்று நிறுத்தினார். பிறகு பெண்ணின் கையைப் பிடித்து, கூட்டத்தின் நடுவே மணவறைக்கு அழைத்து வந்தார். இந்த இடத்தின் வீடியோவைச் சரவணகுமார் எனக்கு அனுப்பியிருக்கிறான். அவர் யாரையும் பார்க்கவில்லை, நேராகப் பார்த்து நடக்கிறார்.

தாலி கட்டி முடிந்ததும் முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களோடு அவரை உட்கார வைத்தார்கள். சாம்பார் பக்கத்து ஓட்டலிலிருந்து வந்தது, பொரியல் கருகியிருந்தது, ரசம் பரவாயில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா பொரியலை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கினார். ஆதிமூலம் ஒதுக்கவில்லை.

பரிமாறுகிறவனிடமிருந்து வாளியை வாங்கிக்கொண்டு உண்ணாமலையே அண்ணன் இலைக்கு வந்தாள். "உனக்கு நான் சோறு போட்டதே இல்லண்ணா" என்றாள். "எப்பவும் நீதான் ஆக்குவ, நீதான் போடுவ."

"போடு" என்றார் அவர், இலையில் சோற்றைக் குழித்துக்கொண்டே.